இடது காலின் முறை

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. அதற்குத் தனித் திறமை வேண்டும். அந்த மூன்றாவது மாடி வீட்டில் இரண்டு பெண்களுக்குமே அந்தத் திறமை கொட்டிக் கிடந்தது.

பெரியவள் பஸ் ஓட்டுகிறவள். இடுப்பு பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை விட்டு இறங்கியவள், மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறாள். சின்னவள் அவள் கொழுந்தனின் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. "அக்கா, அக்கா" என்று பெரியவளின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த அந்தச் சின்னவள்தான், யாருக்கும் தெரியாமல் டெப்போவுக்குப் போன் போட்டு, "எங்க அக்காவுக்கு டிக்கெட் கவுன்டர்ல ஒரு இடம் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டாள். நல்லெண்ணத்தில் கேட்டதுதான். ஆனால் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவளின் காதில் நல்லெண்ணம் விழவில்லை. கவுன்டர் மட்டும் விழுந்தது.

அன்றோடு பேச்சு நின்றது.

இடையில் மாட்டிக்கொண்டவர் பெரியவளின் கணவர். ரொட்டித் தொழிற்சாலையில் பின்னிரவு வரை மாவு பிசையும் மனிதர். வீட்டிலும் இரண்டு பக்கமும் பிசையப்பட்டுக் கொண்டிருந்தார்.

"ஏங்க, குளியலறையில ஹீட்டரை அணைக்காம வந்தது யாருன்னு கேளுங்க."

"மாமா, அணைச்சாச்சுன்னு சொல்லுங்க."

"ஏங்க, இப்பதான் அணைச்சாங்களா, அப்பவே அணைச்சாங்களான்னு கேளுங்க."

அவர் வாயில் பிரஷ்ஷோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆளுக்கு ஒரு மைக் வாங்கித் தரேன். என்னை விட்டுடுங்க."

இவ்வளவு பகை இருந்தும் ஒரே ஓர் இடத்தை மட்டும் அவர்களால் பிரித்துக்கொள்ள முடியவில்லை. நடை. வாசல் கதவிலிருந்து ஜன்னல் வரை நீளும் ஒடுக்கமான நடை. அந்த வீட்டுக்கு நேராக வெயில் வராது. எதிர்க் கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் விடியற்காலைச் சூரியன் பட்டு, அங்கிருந்து தெறித்து, ஜன்னல் வழியாக அந்த நடையில் மட்டும் கொஞ்ச நேரம் வந்து படுத்திருக்கும். இரவல் வெயில்தான். ஆனாலும் வெயில்.

சூரிய நமஸ்காரம் செய்கிறவர்களுக்கு வேறு இடம் ஏது?

பெரியவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண். ஆரம்பத்தில் குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டாது. இப்போது உள்ளங்கை தரையில் பதிகிறது. முன்பெல்லாம் படுக்கையில் புரள்வதற்கே கணவரை எழுப்புவாள். இப்போது அவர் வேலை முடிந்து வந்து கதவு தட்டுவதுகூடத் தெரியாத தூக்கம். கோபம்தான் குறையவில்லை. அதற்கு நமஸ்காரம் பொறுப்பில்லை, கவுன்டர்தான் பொறுப்பு.

அன்று காலையும் இருவரும் நடையில் நின்றார்கள். ஜன்னலைப் பார்த்தபடி முன்னால் பெரியவள். அவள் குதிகாலுக்குப் பின்னால் சின்னவளின் விரிப்பு. பேச்சு இல்லையே தவிர மூச்சு இருந்தது. பெரியவள் மூச்சை விடும் ஓசை பஸ் நிற்கும்போது வருகிற ஏர் பிரேக் போல 'புஸ்' என்று கேட்கும். அந்தப் 'புஸ்'ஸை வைத்துத்தான் சின்னவள் அடுத்த நிலைக்குப் போவாள். கை கூப்பு, கையைத் தூக்கு, குனி, ஒரு காலைப் பின்னால் நீட்டு, அடுத்ததையும் நீட்டு, தரையில் படு, பாம்பு போல் தலையைத் தூக்கு, இடுப்பை மேலே உயர்த்து, திரும்பி வா. ஜென்மப் பகையாளிகள் இருவர் ஒரே உடம்பு போல அசைந்துகொண்டிருந்தார்கள்.

செருப்பு அலமாரியின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடி உண்டு. பெரியவள் அதில் சின்னவளை ஓரக்கண்ணால் பார்ப்பாள். கொஞ்ச நாளாக அவள் தரையில் படுப்பதே இல்லை. முட்டி போட்டபடி படுக்கிற நிலையையும் பாம்பு நிலையையும் கடத்திவிட்டு எழுந்துவிடுகிறாள். சோம்பேறி, என்று பெரியவள் மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டாள்.

இன்று அவளுக்குச் சோம்பலுக்கெல்லாம் நேரமில்லை. இன்று டெப்போவில் உடல்தகுதித் தேர்வு. டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார். பரிசோதகரும் சரி என்றால் மறுபடி பஸ். இல்லையென்றால் கவுன்டரின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டிக்கொண்டு போவதை ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விடியற்காலை முதல் பஸ் ஓட்டும்போது அவளுக்கு முன்னால் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போகும். ஊரை அவள்தான் எழுப்பிக்கொண்டு போகிறாள் என்று தோன்றும்.

கடைசிச் சுற்று. வலது காலைப் பின்னால் நீட்டினாள். கண்ணாடியில் பார்த்தால், சின்னவள் இடது காலை நீட்டியிருந்தாள்.

பெரியவள் 'புஸ்' என்றாள். சின்னவள் அசையவில்லை. இன்னொரு 'புஸ்'. அப்போதும் இடது காலை நீட்டியபடியே இருந்தாள்.

"அக்கா."

பெரியவள் நிமிர்ந்தாள். அத்தனை நாள் கழித்து வந்த முதல் வார்த்தை.

"இடது கால், அக்கா. நீங்க இடது காலை முதல்ல நீட்டுறதே இல்லை. ஒரு சுற்று வலதுன்னா அடுத்த சுற்று இடது. நீங்க எல்லாச் சுற்றும் வலதுதான். பின்னாடியிருந்து பாக்கறேன், தெரியுது. இடுப்பு ஒரு பக்கமா இழுக்குது."

"ஓஹோ." பெரியவள் விரிப்பைச் சுருட்டினாள். "கவுன்டர்ல இடம் கிடைக்கலையா? அதான் காலைப் பிடிச்சுக்கிட்டியா? பரீட்சைக்குக் கிளம்புறவகிட்ட சொல்ற வார்த்தையா இது?"

"நேத்தே சொல்லணும்னு..."

"ஏங்க! நான் கிளம்பிட்டேன்னு சொல்லுங்க!"

உள்ளே இருந்து மாவு மனிதர் கத்தினார். "யார்கிட்ட?"

"யார்கிட்டயாவது!"

*

டெப்போவில் ஈர ரப்பர் வாசனை. கழுவி நிறுத்திய பஸ்கள் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தன. அந்த வாசனைக்கே பெரியவளின் கண் கலங்கியது.

பரிசோதகருக்கு ஓட்டுநர்கள் வைத்த பேர் 'ஸ்டாப்வாட்ச்'. அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே திரிவார். தூங்கும்போதும் கழற்றமாட்டார் என்று கேள்வி.

"பக்கக் கண்ணாடி ரெண்டையும் பாருங்க. உடம்பைத் திருப்பாம. கழுத்தை மட்டும்."

முன்பு இடது கண்ணாடியைப் பார்க்க அவள் கடை பொம்மை மாதிரி முழுசாகத் திரும்ப வேண்டியிருக்கும். இப்போது கழுத்து ஆந்தைக் கழுத்து போல் போய் வந்தது.

"டயரைப் பாருங்க."

எதையும் பிடிக்காமல் குத்தவைத்தாள். எதையும் பிடிக்காமல் எழுந்தாள். ஸ்டாப்வாட்ச்சின் புருவம் ஏறியது. டெப்போ மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். ஸ்டியரிங்கை முழுசாகச் சுழற்றியபோது தோள் இரண்டும் எண்ணெய் போட்ட கீல் போல வழுக்கின. திருப்பத்தில் முன் கண்ணாடிக்குள் வானம் சாய்ந்து, தண்ணீர்த் தொட்டி சாய்ந்து, எல்லாம் மறுபடி நேரானது. பிரேக் போட்டாள். பஸ்ஸும் அவளும் ஒரே நேரத்தில் 'புஸ்' என்றார்கள்.

மிச்சம் ஒன்றுதான். மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்பது ஆள் கனத்தில் செய்த ரப்பர் பொம்மை. ஒரு வேலையும் செய்யாமல், நாம்தான் தூக்கிச் சுமக்க வேண்டும் என்பதால் அந்தப் பேர். பஸ்ஸில் தீப்பிடித்தால் மயங்கிய பயணியை இழுத்து வெளியே கொண்டுவரத் தெரிய வேண்டும். பின் இருக்கையில் மாப்பிள்ளை தலை தொங்கி உட்கார்ந்திருந்தார்.

பெரியவள் அவர் அக்குளில் கை கொடுத்து இறக்கினாள். இனி தாழ்வாகக் குனிந்து, ஒரு காலைப் பின்னால் நீட்டி ஊன்றி, இழுக்க வேண்டும். வலது காலை நீட்டினாள். 'டொங்'. கம்பி. அந்த இருக்கைக்குப் பக்கத்தில் வலது புறம் கைப்பிடிக் கம்பி நின்றது. வலது காலுக்கு அங்கே இடமே இல்லை.

சரி, இடது கால். போ, என்றாள். போகவில்லை. கொஞ்சம் நகர்ந்து, இடுப்பில் எங்கோ நூல் சிக்கியது போல் இழுத்து நின்றுவிட்டது. கை நழுவியது. மாப்பிள்ளை அவள் தோளில் தலை சாய்த்துப் படுத்துக்கொண்டார்.

வெளியே தன் முறைக்காகக் காத்திருந்த ஓட்டுநர், பெரிய மீசைக்காரர், ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மாப்பிள்ளைக்கு இறங்க மனசில்லை போலிருக்கு!"

ஸ்டாப்வாட்ச் சிரிக்கவில்லை. "சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் இன்னொரு தடவை. அதுவும் முடியலைன்னா..." முடிக்காமல் விட்டார். முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

*

கடைசி வரிசை பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றாள். யாரும் இல்லாத இடம். அங்கேதான் அவளுக்கு உறைத்தது.

கிளட்ச் இல்லாத புது பஸ்கள் வந்த வருஷம் இதே மைதானத்தில் எல்லோருக்கும் பயிற்சி நடந்தது. பழக்க தோஷத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை மிதித்து மிதித்து பஸ்ஸைக் குதிக்க வைத்தார்கள். அப்போது ஒருவர் கத்தினார்: "இடது காலை மறந்துடுங்க! உங்களுக்கு ஒரு கால்தான்!" அவள் நல்ல மாணவி. மறந்துவிட்டாள். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் வலது கால். அது நடையில் விரித்த விரிப்பிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கே தெரியாமல்.

தெரிந்தது ஒருத்திக்கு மட்டும். நாளெல்லாம் வலது கண், இடது கண் என்று பிரித்துப் பார்க்கிற ஒருத்திக்கு.

போனை எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள். தன்மானம் குறுக்கே நின்றது. அந்தப் பக்கம் காலியாக ஒரு பஸ் நகர்ந்து போயிற்று. யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்ததும் தன்மானம் வழிவிட்டது.

"அக்கா?" முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் சின்னவள்.

"இடது கால்னு சொன்னியே. மிச்சத்தையும் சொல்லு."

அந்தப் பக்கம் கண் பரிசோதிக்க வந்த யாரோ ஓர் ஆணின் குரல் நிதானமாக, "ட... ப... அடுத்தது ம-வா, ய-வா தெரியலையே" என்றது.

"கண்ணை இடுக்காதீங்க சார். அக்கா, உங்களை இல்லை. கேளுங்க. பின்னாடி போற கால் முட்டியை முதல்ல தரையில வைங்க. முழுசா நீட்டணும்னு அவசியமில்லை. நீட்டும்போது மூச்சை இழுங்க. அங்கேயே இருங்க. மூச்சை விடும்போது இடுப்பைக் கீழே விடுங்க. தள்ளாதீங்க, விடுங்க."

"விட்டா போகுமா?"

"நீங்க மூச்சைப் பிடிச்சிருப்பீங்க. கோவம் வந்தா மூச்சைப் பிடிச்சுக்குவீங்க நீங்க."

"எனக்கா? கோவமா?"

"ம-வா, ய-வா?" என்றது அந்தக் குரல்.

"அது ம, சார். ஐயோ, நானே சொல்லிட்டேன் பாருங்க! அக்கா, இத்தனை வருஷ இறுக்கம் ஒரே நாள்ல முழுசா போகாது. கால் போற வழி மட்டும் திறந்தா போதும். நடுநடுவுல வலதையும் செய்ங்க, ரெண்டும் சேர்ந்து போகட்டும். வலிச்சா நிறுத்திடணும். சத்தியமா?"

"சரி." பெரியவள் வைக்கப் போனவள், நிறுத்தினாள். "சாப்டியா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இல்லை. நீங்க?"

"முடிச்சிட்டு சாப்பிடுறேன்."

ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தாள். தலைக்கு நேர் மேலே சூரியன். எதிர்க் கட்டடத்திலிருந்து தெறித்து வந்த இரவல் இல்லை, அசல். கை கூப்பினாள். கையைத் தூக்கினாள். குனிந்தாள். இடது காலைப் பின்னால் அனுப்பினாள்.

துருப்பிடித்த கதவுதான். ஆனால் கதவு. முட்டியை ஊன்றி, மூச்சை இழுத்து, விட்டாள். கொஞ்சம் இறங்கியது. அடுத்த சுற்று வலது. அது ஓடிப்போய் நின்றது, எப்போதும் போல். மறுபடி இடது. இடுப்பின் முன்பக்கத்தில் ஏதோ ஒன்று, மடித்து மடித்து வைத்த துணியின் முதல் மடிப்பு போல, மெல்லப் பிரிந்தது.

பஸ் கழுவுகிற அம்மா வாளியோடு வந்து நின்றாள். "என்னம்மா, விழுந்துட்டியா?"

"இல்லைம்மா. நமஸ்காரம் பண்றேன்."

"யாருக்கு? டயருக்கா?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பிடித்து வைத்திருந்த மூச்செல்லாம் வெளியே போனது. இடுப்பு, அதுவாகவே, தரையை நோக்கி இறங்கியது.

*

மாப்பிள்ளை அதே இருக்கையில், அதே அலட்சியத்தோடு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே மீசைக்காரர், அவர் பக்கத்தில் வாளியோடு அந்த அம்மா. செய்தி பரவியிருந்தது போல. மெக்கானிக்குகள் நாலைந்து பேர் கை துடைத்துக்கொண்டே வந்து நின்றார்கள்.

"ஆரம்பிங்க" என்று ஸ்டாப்வாட்ச் கட்டை விரலை அழுத்தினார்.

அக்குளில் கை கொடுத்தாள். இறக்கினாள். குனிந்தாள். பழக்கத்தில் வலது கால் துடித்தது. நீ சும்மா இரு, என்றாள் அதனிடம். இவ்வளவு நாள் நீ ஓட்டினாய். இனி இடது காலின் முறை.

மூச்சை இழுத்து இடது காலைப் பின்னால் விட்டாள். போனது. அரைகுறையாகத்தான், அழகாக இல்லை, ஆனால் போய் ஊன்றி நின்றது. மூச்சை விட்டாள்.

"புஸ்ஸ்ஸ்."

மாப்பிள்ளை நகர்ந்தார். இன்னொரு எட்டு. இன்னொரு 'புஸ்'. கம்பியைத் தாண்டி, இருக்கைகளைத் தாண்டி, படிக்கட்டில் அவர் குதிகால்கள் 'தட் தட்' என்று இறங்கி, வெயிலில் வந்து மல்லாந்து படுத்தார். பெரியவள் அவர் பக்கத்தில் முட்டி போட்டு நின்றாள். வியர்வை கண்ணில் இறங்கியது. இடுப்பு? கேட்டுப் பார்த்தாள். இடுப்பு பதில் சொல்லவில்லை. அதுவே நல்ல பதில்.

வாளியைத் தட்டி ஓசை எழுப்பினாள் அந்த அம்மா. மெக்கானிக்குகள் விசில் அடித்தார்கள். மீசைக்காரர் தொப்பியைக் கழற்றினார். "அந்த அட்டைப் பெட்டி இன்னும் அங்கேதான் கிடக்கா, அக்கா? அடுத்தது நான்."

ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "காலையில அந்தக் கால் வரவே இல்லையே. என்ன ஆச்சு?"

"நீங்கதான் சார் மறக்கச் சொன்னீங்க."

"நானா?"

"'இடது காலை மறந்துடுங்க, உங்களுக்கு ஒரு கால்தான்.' இதே மைதானம் சார். மறந்துட்டேன். இன்னைக்கு ஒருத்தி ஞாபகப்படுத்தினா."

அவர் கழுத்திலிருந்து கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"திங்கட்கிழமை வந்துடுங்க. முதல் பஸ் காலியா இருக்கு. சரியா?"

சரியா என்று கேட்கிறாரே, மனுஷன்.

*

மாலையில் மாடிப்படி ஏறும்போது வேண்டுமென்றே இடது காலை முதலில் வைத்தாள். கதவு திறந்தே இருந்தது. நடையில் சின்னவள் நின்றுகொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சுன்னு கேக்கமாட்டியா?"

"மாமா இன்னும் எழுந்திருக்கலை. யார் மூலமா கேக்கறது?"

பெரியவள் கதவைச் சாத்திவிட்டுக் கைப்பையைக் கீழே போட்டாள். "திங்கட்கிழமை. முதல் பஸ்."

சின்னவள் கத்திய கத்தலில் உள்ளே மாவு மனிதர் கட்டிலிலிருந்து விழுந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். "கவுன்டர் விஷயம்... நீங்க வலியில துடிச்சதைப் பார்க்க முடியாமத்தான் அக்கா..." என்று அவள் தோளுக்குள் சொல்லிக்கொண்டே போனாள். "தெரியும், விடு" என்றாள் பெரியவள். உண்மையில் அன்று மதியம்தான் தெரிந்தது. அதைச் சொல்லவில்லை.

பிறகு அவளைக் கை நீளத்துக்குத் தள்ளி நிறுத்திப் பார்த்தாள்.

"நீ பின்னாடி நின்னு என் காலைப் பார்த்தே. நான் செருப்பு அலமாரிக் கண்ணாடியில உன்னைப் பார்த்துக்கிட்டிருந்தேன். கொஞ்ச நாளா நீ தரையில குப்புறப் படுக்கறதே இல்லை. சோம்பேறின்னு நினைச்சேன். பஸ்ல திரும்பி வரும்போதுதான் யோசிச்சேன். இவ ஒண்ணும் சோம்பேறி இல்லையே."

சின்னவளின் கை, அவள் சொல்லாமலே, வயிற்றின் மேல் போய் நின்றது.

"எத்தனை மாசம்?"

"டாக்டரைப் பார்த்துட்டேன் அக்கா. எல்லாம் நல்லா இருக்குன்னாங்க. நீங்க பேசியிருந்தா முதல்ல உங்ககிட்டதான் சொல்லியிருப்பேன்."

"முதல்ல என்கிட்டயா? அவன்கிட்ட சொல்லலையா?"

சின்னவளின் முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை. "எப்படிச் சொல்றது? கடல் தாண்டி ரெண்டு வருஷ வேலைக்கு வரேன்னு முந்தாநாள் கையெழுத்துப் போட்டுட்டாரு. இன்னும் வீட்ல யாருக்கும் தெரியாது. இன்னைக்கு ராத்திரி எல்லாருக்கும் சொல்லப் போறாராம். அவ்வளவு சந்தோஷமா இருக்காரு அக்கா."

கீழே மாடிப்படியில் காலடி ஓசை. கொழுந்தன் சீட்டி அடித்துக்கொண்டு ஏறி வந்தான். ஒவ்வொரு தளமாகச் சீட்டி நெருங்கியது.

"அக்கா, நான் என்ன பண்ணட்டும்?"

பெரியவள் ஒரு மூச்சு இழுத்தாள். மெல்ல, ஓசையோடு, முழுசாக விட்டாள். காலையிலிருந்து மாப்பிள்ளையை இழுத்த கைதான். இன்னும் ஒருவரைத் தாங்க அதில் வலு இருந்தது. சின்னவளின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல மூச்சை விடு" என்றாள். "கதவைத் திறக்கறது என் வேலை."

இடது காலை முன்னால் எடுத்து வைத்தாள்.